மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்: 1914–1945 காலக்கோட்டைச் சுவரில் கட்டும் முறை

பாடப்புத்தகத்தில் உலகப் போர் ஓர் அத்தியாயம், ரஷ்யப் புரட்சி இன்னோர் அத்தியாயம், பொருளாதாரப் பெருமந்தம் சில பந்திகள், இலங்கை வேறொரு பகுதி. பிள்ளைகளும் அவற்றை நான்கு பெட்டிகளாகவே மனனம் செய்கிறார்கள். 1929 இல் நியூயோர்க்கில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் உடனே வரும். அது களுத்துறை இறப்பர் தோட்டத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தக் குறைக்கு நல்ல மருந்து, அந்த 32 வருடங்களையும் ஒரே அளவுகோலில் ஒரே சுவரில் விரித்து வைப்பது. கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூல வகுப்பறைக்கோ வாசிகசாலைக்கோ பொருந்தும் முறையைக் கீழே தருகிறோம். ஐந்தாறு பேர் சேர்ந்தால் இரண்டு சனிக்கிழமைகளில் கட்டி முடிக்கலாம்.

அளவு

ஒரு மாதத்துக்கு 1 செ.மீ., ஒரு வருடத்துக்கு 12 செ.மீ. 1914 ஜனவரி முதல் 1945 டிசம்பர் வரை 384 செ.மீ. வரும். பன்னிரண்டரை அடிக்குச் சற்றுக் கூடுதல். பெரும்பாலான வகுப்பறைகளின் பின்சுவர் இதைத் தாங்கும்.

இடம் போதவில்லை என்று வருடத்துக்கு 5 செ.மீ. ஆகச் சுருக்க வேண்டாம். 1931 போன்ற வருடங்களில் நிகழ்ச்சிகளை எழுதி ஒட்டும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதைவிடப் பெரிய தவறு, நிகழ்ச்சி குறைந்த வருடங்களை ஒடுக்கி நிறைந்த வருடங்களை அகலமாக்குவது. 1925, 1926 பகுதி வெறுமையாகத் தெரிந்தால் தெரியட்டும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே எவ்வளவு காலம் ஓடியது என்பதைக் கண்ணால் காட்டத்தான் இவ்வளவு வேலையும். அளவுகோல் ஓரிடத்தில் மாறினாலும் அந்தப் பயன் போய்விடும்.

பொருட்கள்

வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பிரிஸ்டல் போர்ட் 8 தாள் போதும், பழுதானால் மாற்ற ஒன்றிரண்டு மேலதிகமாக வாங்குங்கள். புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் மொத்தமாக வாங்கினால் மலிவு. ஒவ்வொரு தாளையும் 50 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரமாக வெட்டுங்கள். 48 செ.மீ. எழுதும் பரப்பு, மீதி 2 செ.மீ. ஒட்டுவதற்கான விளிம்பு. ஒரு தாளில் நான்கு வருடங்கள் அடங்கும்: முதல் தாள் 1914–1917, கடைசித் தாள் 1942–1945. கடைசித் தாளுக்கு விளிம்பு தேவையில்லை.

இவற்றோடு 1 மீற்றர் அடிமட்டம், பென்சில், நான்கு நிறப் பிளாட்டிக்னம், பைண்டர் கம், குண்டூசி, இரண்டு நிறத் தையல்நூல், 6 × 4 செ.மீ. அளவில் வெட்டிய 120 துண்டுகள். துண்டுகளுக்கு A4 தாளே போதும். தடித்த அட்டையில் வெட்டினால் நூல் இழுக்கும்போது கழன்று விழும்.

45 செ.மீ. உயரத்தை மேலிருந்து கீழாக இப்படிப் பிரியுங்கள்: போரும் அரசும் 10, புரட்சியும் கிளர்ச்சியும் 10, பணமும் விலையும் 10, நடுவில் வருடமும் மாதமும் எழுதும் பட்டை 3, அடியில் இலங்கை 12. இலங்கைக்கு அதிக இடம் ஒதுக்குவது வேண்டுமென்றேதான். அங்கேதான் பிள்ளைகள் தாங்களே தேடிச் சேர்ப்பார்கள். போருக்குக் கறுப்பு, புரட்சிக்குச் சிவப்பு, பணத்துக்குப் பச்சை, இலங்கைக்கு நீலம்.

எட்டுத் தாளையும் முதலில் ஒட்டிவிட்டு, பிறகு பட்டையைக் கீறுங்கள். தனித்தனியாகக் கீறி ஒட்டினால் ஒவ்வோர் ஒட்டிலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தவறும். ஏழு ஒட்டுகளில் அது ஒரு மாதத்தைத் தின்றுவிடும். 1929 ஒக்டோபரில் வோல் ஸ்ரீற் எனப்படும் நியூயோர்க் பங்குச்சந்தை வீழ்ந்ததும், 1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் தாள் ஒட்டுகளை அண்டியே விழுகின்றன, ஆகவே இந்தப் பிழை கண்ணில் குத்தும். கம்மை மெல்லிதாகத் தடவி, மேலே புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். தடித்துப் பூசினால் கொழும்பின் ஈரக்காற்றில் விளிம்பு சுருளும்.

இடத்தைக் கணக்கிடுதல்

கண்மதிப்பாக ஒட்டக்கூடாது. வருடத்திலிருந்து 1914 ஐக் கழித்து 12 ஆல் பெருக்குங்கள். முடிந்துபோன மாதங்களைக் கூட்டுங்கள். திகதியை 30 ஆல் வகுத்துக் கூட்டுங்கள். வருவதுதான் இடப்பக்கத்திலிருந்து செ.மீ.

கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 5 ஐ எடுப்போம். 28 × 12 = 336. அதோடு 3. அதோடு 0.2. ஆக 339.2 செ.மீ. எட்டாம் தாள் 336 இல் தொடங்குவதால், அந்தத் தாளின் இடது ஓரத்திலிருந்து 3.2 செ.மீ.

சரிபார்க்கச் சில எண்கள்: ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரயேவோ கொலை, 1914 ஜூன் 28, 5.9. போர்நிறுத்தம், 1918 நவம்பர் 11, 58.4. வோல் ஸ்ரீற் வீழ்ச்சி தொடங்கிய 1929 ஒக்டோபர் 24, 189.8. ஹிட்லர் ஜேர்மன் சான்சலரான 1933 ஜனவரி 30, 229.0. போலந்துமீது படையெடுப்பு, 1939 செப்டெம்பர் 1, 308.0. இந்த ஐந்தையும் முதலில் ஒட்டினால் மற்றவை தானாக ஒழுங்கில் விழும்.

திகதியில் சிக்கும் இடங்கள் மூன்று. ரஷ்யா 1918 வரை பழைய யூலியன் நாட்காட்டியில் இருந்தது, நம்முடையதைவிட 13 நாள் பின்னால். அதனால் "ஒக்டோபர் புரட்சி" நவம்பர் 7 இலும், "பெப்ரவரிப் புரட்சி" மார்ச் 8 இலும்தான் ஒட்டப்படவேண்டும். பழைய திகதியைத் துண்டின் மூலையில் சிறிதாக எழுதுங்கள். இரண்டாவது, பேர்ள் துறைமுகம்: ஹவாயில் டிசம்பர் 7 காலை, கொழும்பில் அப்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே திகதி 8 ஆகிவிட்டது. சுவரில் வித்தியாசம் தெரியாது, ஆனால் இங்குள்ள பத்திரிகையில் தேடும் பிள்ளை குழம்பும். மூன்றாவது, பத்திரிகைத் திகதியை நிகழ்ச்சித் திகதியாக எடுப்பது. பத்திரிகை அடுத்த நாளோ அதற்குப் பிறகோதான் பேசும்.

நூல் கட்டுதல்

நூல் கட்டாத காலக்கோடு வெறும் திகதிப் பட்டியல். காரணம் ஒன்றிலிருந்து விளைவு ஒன்றுக்கு நூல் போகிறது. விதிகள் இரண்டு. நூல் ஒருபோதும் வலமிருந்து இடம் போகாது. ஒவ்வொரு நூலின் நடுவிலும் "எந்த வழியாக?" என்ற கேள்விக்குப் பதில் எழுதிய துண்டு தொங்கவேண்டும். விலையா, கப்பலா, சட்டமா, வங்கியா, ஓர் ஆளா? பதில் எழுத முடியாவிட்டால் நூலைக் கழற்றுங்கள். நேரடிக் காரணத்துக்கு ஒரு நிறம், நிலைமையை மோசமாக்கிய காரணத்துக்கு மற்ற நிறம்.

பயிற்சிக்கு ஜேர்மனியே உகந்தது. பெரும்பாலான விடைத்தாள்களில் "பணவீக்கத்தால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்" என்று இருக்கும். சுவரில் அளந்து பாருங்கள். ஒரு டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க் என்ற நிலை 1923 நவம்பரில், 118.5 இல் இருக்கிறது. ஹிட்லர் 229.0 இல். இடையே 110 செ.மீ.! அந்த நவம்பரில் அவர் மியூனிக்கில் செய்த கலகம் தோற்றது, அவர் சிறைக்குப் போனார். நாணயம் நிலைப்பட்ட பின் நடந்த 1928 மே தேர்தலில் ஹிட்லரின் நாசிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 வீதம். மந்தம் தொடங்கியபின் 1930 செப்டெம்பரில் 18.3, 1932 ஜூலையில் 37.3. வேலையற்றோர் 60 இலட்சம் வரை போன காலம் அது. அப்போது விலைகள் ஏறவில்லை, விழுந்துகொண்டிருந்தன. ஆகவே 1929 இலிருந்து வருவது நேரடி நூல், 1923 இலிருந்து வருவது இரண்டாம் நிற நூல்: அரசின்மீதும் நாணயத்தின்மீதும் நடுத்தர வகுப்பு இழந்த நம்பிக்கை.

இன்னொன்று 1918. பின்னாளில் ஜேர்மனியில், "படை தோற்கவில்லை, உள்நாட்டுப் புரட்சிக்காரர் முதுகில் குத்தினார்கள்" என்ற பொய் பரப்பப்பட்டது. தளபதி லூடென்டோர்ஃப் போர்நிறுத்தம் கேட்கச் சொன்னது செப்டெம்பர் 29, சுவரில் 57.0. கீல் துறைமுகத்தில் கடற்படையினர் கிளர்ந்தது நவம்பர் 3, சுவரில் 58.1. கிளர்ச்சி ஒரு செ.மீ.க்கு மேல் வலப்பக்கம் நிற்கிறது. அதிலிருந்து பின்னோக்கி நூல் கட்ட விதி இடம் தராது, பொய் அங்கேயே அறுந்துவிடும். இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள், ஆசிரியர் முந்திச் சொல்ல வேண்டாம்.

ரஷ்யாவுக்கு அதிக நேரம் தேவைப்படாது. ஜார் முடிதுறந்தது 38.5, லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தது 46.2, ரஷ்யா போரிலிருந்து விலகிய பிரெஸ்ற்-லிற்றோவ்ஸ்க் உடன்படிக்கை 50.1. மூன்றும் போருக்குள்ளேயே விழுவதைக் காட்டினால் போதும்.

1931 க்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். மே 11 இல் வியன்னாவின் கிரெடிற்அன்ஸ்ரால்ற் வங்கியின் பெருநட்டம் வெளியாகிறது, 208.4. செப்டெம்பர் 18 இல் மஞ்சூரியாவில் ஜப்பான் படை நடத்துகிறது, 212.6. செப்டெம்பர் 21 இல் பிரித்தானியா தங்க நியமத்தை (நாணயத்தின் பெறுமதியைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை) கைவிடுகிறது, 212.7. பச்சைத் துண்டும் கறுப்புத் துண்டும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில். போரும் பணமும் வேறு வேறு அத்தியாயம் அல்ல என்பதை இந்த இடத்தைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்ட முடியாது. கீழே இலங்கைப் பட்டையில், இவ்விரண்டுக்கும் வியன்னாவுக்கும் இடையில், 1931 ஜூலை 7: சர்வசன வாக்குரிமையில் தெரிவான முதல் அரசாங்க சபை கூடியது. காசு வற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வாக்குரிமை வந்தது.

இலங்கைப் பட்டை

இங்கே செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே வகை: உலகில் ஏதோ நடந்தது, அதே வருடம் இங்கே ஏதோ நடந்தது, உடனே நூல். கொழும்பு டிராம் வேலைநிறுத்தமும் மருதானைக் கலவரமும் 1929 இல். வோல் ஸ்ரீற் வீழ்ச்சியும் 1929 இல். ஆனால் டிராம் வேலைநிறுத்தம் வருடத் தொடக்கத்திலேயே நடந்துவிட்டது. சுவரில் அது எட்டு செ.மீ.க்கு மேல் இடப்பக்கம். ஏ. ஈ. குணசிங்க 1922 இல் தொடங்கிய தொழிற்சங்கம், 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம் என்ற சங்கிலியோடுதான் அதைச் சேர்க்கவேண்டும். செட்டியார் தெருக் கடன் நெருக்கடியும் அப்படித்தான், அது 1925. வெளிநாட்டு வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்து, அவர்கள் ஊர் வியாபாரிகளுக்குக் கொடுத்த கடன் அது. மேலே கையிறுக்கம் வந்ததும் கீழே தவித்தார்கள். பெருமந்தம் ஏற்கனவே நொந்திருந்த கடன் முறையில் வந்து விழுந்தது. 1934 வங்கி ஆணைக்குழு, அதன்பின் 1939 ஓகஸ்ட் 1 இல் இலங்கை வங்கி என நூலைத் தொடருங்கள். அது போருக்குச் சரியாக ஒரு செ.மீ. முன்னால் நிற்கும்.

1929 இலிருந்து இலங்கைக்கு இறங்கும் உண்மையான நூல் இறப்பர் வழியாக வருகிறது. வழித்துண்டில் இப்படி எழுதலாம்: அமெரிக்காவில் 1929 இல் சுமார் 53 இலட்சம் மோட்டார் வாகனங்கள் செய்தார்கள், 1932 இல் சுமார் 13 இலட்சம். வாகனம் இல்லையென்றால் டயர் இல்லை, டயர் இல்லையென்றால் இறப்பருக்கு வாங்குவோர் இல்லை. தோட்டங்கள் ஆட்குறைத்தன, கூலி வெட்டின, துறைமுக வேலை குறைந்தது. இதன் மறுமொழியாக வந்த கட்டுப்பாடுகள், தேயிலைக்கு 1933, இறப்பருக்கு 1934, பச்சைத் துண்டுகளாகப் போகட்டும். கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதும் 1931 இல்தான். கொழும்பின் தமிழ்த் தினசரிகளும் இந்த மந்தத்துக்குள் பிறந்தவை: வீரகேசரி 1930 ஓகஸ்ட் 6, தினகரன் 1932 மார்ச் 15.

மலேரியா, 1934–35. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இதைப் பெருமந்தத்தோடு நேரடி நூலால் கட்டுவது தவறு. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதில் நுளம்பு பெருகியது. அதுதான் நேரடிக் காரணம். மந்தத்தால் வயிறு காய்ந்திருந்த உடல்கள் தாங்கவில்லை என்பது இரண்டாம் நிறம். மேலே போர்ப் பட்டையிலிருந்தும் ஒரு நூல் இங்கே இறங்குகிறது. போர்நிறுத்த நாளுக்காகக் கொழும்பில் விற்ற பொப்பி மலருக்கு எதிராக, சூரிய மலரை விற்ற சூரிய மல் இயக்கம் எழுந்தது. அதன் தொண்டர்கள் மலேரியா நிவாரணத்துக்குக் கிராமங்களுக்குப் போனார்கள். அவர்களில் பலர் சேர்ந்து 1935 டிசம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். போர், மந்தம், நோய், கட்சி என நான்கையும் தைக்கும் நூல் இது ஒன்றுதான். கட்ட நேரம் எடுக்கும், தவறவிடாதீர்கள்.

1915 ஐக் கவனத்தோடு எழுதவேண்டும், ஏனெனில் வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். மே 28 இல் கண்டியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரத்தைப் போர் உண்டாக்கவில்லை. ஊர்வல இசை குறித்த பிணக்கும் வியாபாரப் போட்டியும் ஏற்கனவே இருந்தன, போர்க்கால விலையேற்றம் இரண்டாம் நிறம். ஆனால் ஜூன் 2 இன் இராணுவச் சட்டத்துக்கும், ஜூலை 7 இல் கொழும்பு நகரக் காவற்படை அதிகாரி ஹென்றி பேதிரிஸ் சுடப்பட்டதற்கும் போரிலிருந்து நேரடி நூல் உண்டு. ஜேர்மன் சதி என்ற பயத்தில் ஆட்சியாளர் கண்மூடி அடித்தார்கள். அந்தப் பயத்தின் பின்னணிக்கு 1914 இல் எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பலை ஒட்டுங்கள்: செப்டெம்பர் 22 இல் சென்னைமீது குண்டு, நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவருகே அழிவு. பிடிபட்ட அதன் மாலுமிகள் கொழும்புத் துறைமுகம் வழியாகவே கொண்டுபோகப்பட்டார்கள். இறந்தோர் தொகையைப் பல புத்தகங்கள் பலவிதமாகத் தருவதால், கலவரத் துண்டில் எண் போட வேண்டாம்.

1942 இல் துண்டுகள் நெரியும். உயரத்தை மாற்றி மாற்றி ஒட்டுங்கள். பெப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ச்சி, மார்ச் 8 ரங்கூன், ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை, அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்குதல். வழித்துண்டுகள் இரண்டு போதும். ரங்கூன் போனதால் பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா வீட்டுக்குள் நுழைந்தது. மலாயா போனதால் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் பெரிய இடம் இலங்கை ஆனது, மரம் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டினார்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியதும் இதே வருடம்தான்.

நகரத்தில் சரிபார்த்தல்

சுவரில் உள்ள துண்டுகளில் பத்தையாவது பிள்ளைகள் நேரில் போய் உறுதிசெய்யட்டும். விகாரமகாதேவி பூங்காவிலுள்ள போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத்திடலில் நின்றது, இரண்டாம் போரின்போது இங்கே மாற்றப்பட்டது. ஒரே தூணுக்கு இரண்டு துண்டு தேவைப்படும். கொழும்பு 7 குதிரைப் பந்தயத் திடல் 1942 இல் விமான ஓடுபாதையாக இருந்தது. தேசிய சுவடிகள் திணைக்களம் அதற்கு அருகில், பிலிப் குணவர்தன மாவத்தையில். அங்கே போகுமுன் தொலைபேசியில் நேரமும் அனுமதியும் கேளுங்கள். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள், பேனை வேண்டாம். "1930 களின் பத்திரிகைகள்" என்று கேட்டால் ஒரு நாள் வீணாகும். "1942 ஏப்ரல் 6 முதல் 12 வரை" என்பது போலக் குறிப்பாகக் கேளுங்கள். அந்நாட் பத்திரிகைத் தாள் நொறுங்கும் நிலையில் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தையும் இரு கையாலும் திருப்பவேண்டும். போர்க்காலச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டவை. சேத விவரங்களை அந்த வாரத்துப் பத்திரிகையை மட்டும் நம்பி எழுதக்கூடாது.

பொரளை கனத்தை மயானத்தில் இரு போர்களின் கல்லறைகளும் உண்டு. கல்லில் 1920 என்றிருந்தால் செதுக்கியவர் தவறிழைத்தார் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு முதலாம் போருக்கு 1921 ஓகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரையும் இறந்த படையினரைக் கணக்கில் கொள்கிறது. கல்லிலுள்ள பெயரைச் சுவரில் எழுத வேண்டாம், திகதியும் படைப்பிரிவும் போதும்.

தொங்கவிடுதல்

புதிதாகப் பூசிய சுவரில் செலோரேப் ஒட்டினால் பெயின்ற் உரியும். இரண்டு முனைகளிலும் ஆணி அடித்து நைலோன் கயிறு இழுத்து, 40 செ.மீ.க்கு ஒரு உடுப்புக் கிளிப் போடுங்கள். நடுப்பட்டை பிள்ளையின் கண்மட்டத்தில், நிலத்திலிருந்து சுமார் 140 செ.மீ. உயரத்தில் வரட்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிருங்கள், பிளாட்டிக்னம் சிவப்பு வெயிலில் சீக்கிரம் மங்கும். தவணை முடிவில் நூல்களைக் கழற்றி, வழித்துண்டுகளை மட்டும் வரிசைப்படி ஒரு கவரில் இட்டு, தாளை ஒட்டுகளில் விசிறிபோல மடித்து வையுங்கள். அடுத்த வகுப்புக்குத் திகதித் துண்டுகளோடு தாளைக் கொடுங்கள். வழித்துண்டுக் கவரைக் கொடுக்க வேண்டாம். நூல்களை அவர்கள் தாங்களே கட்டி முடித்தபின், இரண்டையும் ஒப்பிடக் கவரைத் திறந்தால் போதும்.